அண்ணனின் துப்பாக்கி முக்கால்வாசி நலம்

ஓமராமா,
பிப்ரவரி 26.

பெருமதிப்புக்குரிய அண்ணன் ஆர்ச்சிபால்ட் கார்மைக்கேல் அவர்களின் சமூகத்துக்கு, கூடப்பிறந்த இளையவன் நெவில் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் வீட்டுக்காரி டொரீனும் சுகமாக இருக்கிறோம். அங்கே நெல்சனில் தாங்களும் அண்ணி ஹேசலும் தங்களுடைய புது இடுப்பெலும்பும் அதே சுகத்தோடு இருக்கவேண்டும் என்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கேட்டுக்கொள்கிறேன். நான் அங்கே தூங்குவதாக டொரீன் சொல்வாள், நம்ப வேண்டாம். அண்ணி அனுப்பிய ஆப்ரிகாட் ஜாம் வந்து சேர்ந்தது. ஒரு பாட்டில் வழியில் உடைந்து பெட்டிக்குள் பரவியிருந்தது, அதையும் நாய் ஜெஸ் வீணாக்கவில்லை, அட்டைப்பெட்டியோடு சாப்பிட்டது. மழை இல்லை. பென்மோர் ஏரியில் தண்ணீர் இறங்கிப்போய்ப் படகுத்துறை கரையில் நிற்கிறது. ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தாகிவிட்டது. டொரீனின் முழங்கால் தேவலாம். தாங்கள் என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன துப்பாக்கியும் நலம். முக்கால்வாசி நலம்.

கடைசி வரியைத் தாங்கள் இரண்டாம் முறை படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அண்ணி, நீங்கள் பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து தேநீர்க் கோப்பையை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விஷயம் இதுதான். துப்பாக்கியின் குழலை வெட்டிவிட்டேன். இருபத்தாறு அங்குலம் இருந்தது, இப்போது இருபது அங்குலம் இருக்கிறது. நான்தான் வெட்டச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் குடித்திருக்கவும் இல்லை. மன்னிக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தாங்கள் தொலைபேசியில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. காது டாக்டர் தங்களிடம், இடது காது போனது போனதுதான், வலது காதில் பாதிதான் மிச்சம், இன்னும் இரண்டு பெரிய வெடிச்சத்தம் கேட்டால் அதற்கும் விடைகொடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். அப்படியும் தாங்கள், ஏப்ரலில் மான்கள் கத்தும் பருவத்துக்கு இங்கே வந்தே தீருவேன், அஹுரிரிப் பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் உட்கார்ந்து அந்தக் கரையில் நிற்கும் கலைமானை ஒரே ஒரு தடவை சுடுவேன், அதற்கப்புறம் எதுவும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்றீர்கள். "சைலன்சர் மாட்ட முனையில திருகுமரை மட்டும் போட்டு வை. குழல்ல ஒரு அங்குலம் குறைஞ்சாலும் நான் வரமாட்டேன். உன்கூடப் பேசவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள்.

தாங்கள் சொன்னால் செய்கிற ஆள். புல்வெட்டும் இயந்திரத்தை நான் கல்லில் மோதி அதன் கத்தி வளைந்ததற்காகப் பதினாலு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவர். அப்போது நமக்கு அப்படி வீணாக்க நிறைய மாதங்கள் கையில் இருந்தன. இப்போது தங்களுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்திரண்டு. அதனால்தான் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்து முடித்துவிட்டுக் கோபப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நடுவில் கோபப்பட்டால் என் தரப்பு பாதியில் நின்றுவிடும்.

வெட்டுவதற்கு முன் தங்களைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். தாங்கள் காது கேட்காதவர்கள் எல்லாரும் செய்கிற புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்தீர்கள். எதிராளிக்கு வாயைத் திறக்க வழியே விடாமல், நெல்சன் வெயிலைப் பற்றியும் பக்கத்து வீட்டுக்காரரின் பூனையைப் பற்றியும் பத்து நிமிடம் தாங்களே பேசிவிட்டு, "சரி நெவில், உன்கூடப் பேசினதுல ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டீர்கள். மூன்று முறையும் அதே பூனை.

முதலில் துப்பாக்கியை நைரியிடம் கொண்டுபோனேன். நம் ஹெக்டரின் மகள்தான். ஹெக்டர் போனபிறகு அந்தத் துப்பாக்கிப் பட்டறையை அவள்தான் நடத்துகிறாள். அப்பாவின் கடைசல் இயந்திரம், அப்பாவின் மேலங்கி, அப்பா ஐம்பது வருஷமாக ஒவ்வொரு வேலையையும் குறித்துவைத்த நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நாக்கும் அப்பாவுடையதுதான். குழலின் முனையை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெவில், உங்க அண்ணன் சொல்ற மாதிரி இங்க மரை போட முடியாது. முனை ரொம்ப மெலிசு. இதுல மரை போட்டா, காகிதத்தைச் சுருட்டி அதுல மரை போட்ட கதைதான். சைலன்சர் கோணலா உக்காரும், தோட்டா அதோட பக்கத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். அது மட்டுமா, நாற்பது வருஷமா இரும்புக் கம்பிய விட்டுத் துடைச்சுத் துடைச்சு வாயே தேஞ்சு கெடக்கு. பின்னாடி சதை இருக்கற எடத்துக்கு வந்தாத்தான் வேலை நடக்கும்."

"எவ்வளவு வெட்டணும்?"

"எவ்வளவு வெட்டணும்னு கேக்காதீங்க. எவ்வளவு மிச்சம் வேணும்னு சொல்லுங்க. அதுதான் முறை."

நான் முதலில் இருந்தது இருபத்தாறு என்றேன். அவள் குழலுக்குள் ஒரு பித்தளைக் கம்பியை விட்டு அளந்தாள். கம்பியை வெளியே எடுத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இருபத்தாறுன்னு யார் சொன்னது?"

"அண்ணன். நாற்பது வருஷமா சொல்றார்."

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கெட்டிலில் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். தங்கள் துப்பாக்கியின் முன்னால் தொழில் தெரிந்தவளே பேச்சடங்கி நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அப்போதே தங்களுக்குச் சொல்லக் கூப்பிட்டேன். பூனைதான்.

வெட்டாமல் ஏதாவது வழி இருக்குமா என்று அடுத்து க்ளைவைக் கேட்டேன். நம் மான்வேட்டைச் சங்கத்தின் தலைவனாக அவன் இன்னும் இருக்கிறான், வேறு யாரும் நிற்பதில்லை. தங்களுக்கு இதைப் படித்து மகிழ்ச்சியாக இருக்கும், அவன் தங்கள் கட்சி. "டேய் நெவில், நீளம்தான்டா வேகம், வேகம்தான்டா தூரம். அஞ்சாறு அங்குலத்த வெட்டினா தோட்டா பாதி வழியில உக்காந்து டீ குடிச்சிட்டுத்தான் போகும். ஆர்ச்சி அந்தப் பதினாலு கிளைக் கொம்புக்கார மானை எதுல அடிச்சான்? இருபத்தாறு அங்குலத்துல அடிச்சான்! உன் அரைப் பென்சில்ல முடியுமா அது?" என்றான். என் பதினெட்டு அங்குலக் குட்டைக் குழலுக்குத் தாங்கள் வைத்த பேர் சங்கம் முழுக்கப் பரவியிருக்கிறது என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். க்ளைவின் துப்பாக்கியே இருபத்தெட்டு அங்குலம். அதன் நுனியில் சைலன்சரும் மாட்டியிருக்கிறான். வண்டிக்குள் வைத்தால் கதவை மூட முடியாது. அதனால் அவன் வண்டி நிற்கிற இடத்திலிருந்தே சுடுகிறான், மலை ஏறுவதில்லை. மான்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கின்றன.

நைரியிடம் திரும்பிப் போய்த் தோட்டா டீ குடிக்கும் விஷயத்தைக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு அங்குலம் வெட்டினால் தோட்டாவின் வேகம் வினாடிக்கு ஏழெட்டு மீட்டர் குறையும். ஆறு அங்குலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால், நானூறு மீட்டர் தாண்டிப் போகும்போது தோட்டா முன்பைவிட ஓர் உள்ளங்கை அகலம் கீழே விழும், அவ்வளவுதான். துப்பாக்கிமேல் மாட்டிய தொலைநோக்கியின் மேல்திருகை இரண்டு சொடுக்கு திருப்பினால் அந்த உள்ளங்கை அகலம் சரியாகிவிடும். "அதுக்காக ரொம்பவும் குட்டையாக்கக் கூடாது நெவில். பதினாறு, பதினெட்டுன்னு போனா மருந்து குழலுக்குள்ள எரிஞ்சு முடியறதுக்குள்ள வெளிய வந்துரும். மிச்சம் சைலன்சருக்குள்ள போய் எரியும். அப்புறம் சத்தம் எங்க அடங்கும்? உங்க அண்ணன் காதுக்காகத்தானே இவ்வளவும்? இருபதா, இருபத்திரண்டான்னு நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா ஒண்ணு, மலையில அதைத் தூக்கிட்டு நடக்கப் போறது கணக்கு இல்ல, மனுஷன்."

இந்த ஒரு பேச்சுதான் என்னைக் கெடுத்தது. வீட்டுக்கு வந்ததும் நீளக் கைப்பிடி வைத்த துடைப்பங்களை எடுத்தேன். டொரீனுடையது மூன்று, தேவாலய மண்டபத்திலிருந்து கேட்காமல் எடுத்துவந்தது ஒன்று. கைப்பிடிக் கட்டைகளை ஒவ்வொரு குழல் நீளத்துக்கும் ஒன்றாக, துப்பாக்கியின் அடிக்கட்டை நீளத்தையும் சேர்த்து அறுத்துக்கொண்டேன். சைலன்சருக்குப் பதில் நுனியில் வடிகால் குழாய்த் துண்டு மாட்டினேன். எடைக்கு மணல் பை கட்டினேன். தோளில் மாட்ட வார் வைத்தேன். நடக்கப் போவது நான் இல்லை, தாங்கள் என்பதால், தங்கள் இடுப்பு எப்படி மடங்காமல் நிற்குமோ அதேபோல் என் வலது காலும் மடங்காமல் இருக்க, டொரீனின் நீளமான மரக்கரண்டியை முழங்காலுக்குப் பின்னால் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அப்படியே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையில் ஏறினேன்.

இருபத்தாறு அங்குலம் முதல் வேலியிலேயே முடிந்தது. குனிந்து நுழையும்போது முதுகில் இருந்த வடிகால் குழாய் மேல்கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கால் மடங்காததால் கீழேயும் உட்கார முடியவில்லை. அது மின்வேலி என்பது தங்களுக்குத் தெரியும், தாங்கள் போட்டதுதான். ஒவ்வொரு வினாடியும் கால்சட்டையின் பின்பையில் ஒரு குத்து விட்டது. பின்பையில் தகரத்தால் ஆன இருமல் மிட்டாய் டப்பா இருந்தது. ஆடுகள் ஒன்றொன்றாக வந்து வட்டமாக நின்றன, புதிதாகக் கத்தரித்த ஆடுகள், அவை என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் அனுதாபம் இருந்தது. ஜெஸ் என்னைக் காப்பாற்றாமல் ஆடுகளை ஒழுங்குபடுத்தியது.

சாலையில் போன யாரோ வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கிழவர் காலில் கரண்டியும் முதுகில் வடிகால் குழாயுமாக வேலியில் துள்ளிக்கொண்டிருக்கிறார் என்று மருத்துவமனைக்குத் தகவல் போயிருக்கிறது. நான் ஒருவழியாக வாரை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது நர்ஸ் பாட்ரிஷியா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"நெவில், இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள், குழந்தையிடம் பேசுகிற குரலில்.

"செவ்வாய்."

"ரொம்ப நல்லது. கையில வச்சிருக்கீங்களே, இது என்ன?"

"இருபத்தாறு அங்குலம்" என்றேன்.

பாட்ரிஷியா டொரீனைப் பார்த்தாள். டொரீன் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவே இல்லை. "கவலைப்படாத பாட்ரிஷியா, கல்யாணமான நாள்லேர்ந்து இப்படித்தான். நெவ், அந்தக் கரண்டியக் கழுவி வை."

மறுநாள் இருபத்துநாலைத் தூக்கிப் போனேன். அது வேலியைத் தாண்டியது, ஆட்டுக்கொட்டகையின் வாசலில் திரும்பும்போது நிலையில் இடித்துப் பக்கத்து ஜன்னலை உடைத்தது. இருபத்திரண்டு பாதி மலைவரை வந்தது. இறங்கும்போதுதான், மடங்காத காலோடு சரிவில் பின்னால் சாய்கிறபோது, அதன் நுனி தரையில் ஊன்றி என்னை முன்னால் தள்ளிவிட்டது. மட்டகூரி முட்புதரில் விழுந்தேன். அந்த முள்ளை டொரீன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு நாள் எடுத்தாள், ஒவ்வொரு முள்ளுக்கும் தங்கள் பேரைச் சொல்லி.

முள் எடுத்து முடித்த மறுநாள் இருபது அங்குலம். வேலியைத் தாண்டினேன், கொட்டகையைத் தாண்டினேன், முதுகில் ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோனது. ஆனால் அண்ணா, வேறொன்று மறக்கவில்லை. அந்தக் கரண்டி. பாதி மலையிலேயே இடுப்பில் வலி பிடித்துக்கொண்டது. பத்தடிக்கு ஒருமுறை நின்றேன். எனக்கு அது கயிற்றை அவிழ்த்தால் போய்விடும் வலி. உனக்கு அவிழ்க்கிற வலி இல்லை. அப்படி இருந்தும் நீ ஒரு தடவை வந்து ஏற ஆசைப்படுகிறாய் என்றால், உன் முதுகில் ஆறு அங்குல இரும்பு அதிகமாக ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. உச்சியில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் குடித்தேன். முடிவு பண்ணிவிட்டேன்.

(மேலே தங்களை 'நீ' என்று எழுதிவிட்டேன். மன்னிக்கவும். திருத்தி எழுத வேறு தாள் இல்லை, டொரீன் மிச்சத் தாளில் ஜாம் பாட்டிலுக்குச் சீட்டு எழுதிவிட்டாள்.)

இன்னொரு கணக்கும் போட்டேன், இதைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். சைலன்சர் குழலின் முனைக்கு அப்பால் ஐந்து அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். இருபதும் ஐந்தும் இருபத்தைந்து. தங்கள் பழைய நீளத்துக்கு ஒரே ஒரு அங்குலம்தான் குறைவு. தோளில் மாட்டினால் தங்கள் தோளுக்கே வித்தியாசம் தெரியாது. நானாகச் சொல்லாமல் இருந்திருந்தால் தாங்கள் கண்டுபிடித்திருக்கக்கூட மாட்டீர்கள். டொரீன் அப்படித்தான் செய்யச் சொன்னாள். "எதுக்கு அந்தக் கெழவருக்கு எழுதிட்டிருக்க? வந்து சுட்டுட்டுப் போகட்டும். அந்தக் கண்ணுக்கு இருபதும் இருபத்தாறும் ஒண்ணுதான்" என்றாள். ஆனால் அண்ணன் தம்பிக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று வளர்த்தவர் தாங்கள். ஒருநாளும் என்னிடம் எதையும் மறைக்காதவர். அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

நைரி வெட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். நிற்க முடிந்தவரை நின்றேன், அப்புறம் வெளியே போய் அவள் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் துண்டைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாருங்க" என்றாள். எனக்குப் பிரிக்க மனம் வரவில்லை. அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த ஆறு அங்குலத்தையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். தங்கள் பொருள் தங்களிடம் இருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை சங்கத்தின் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். தாங்கள் சொல்லித் தந்தபடி, அழுக்கோ பனியோ உள்ளே போகாமல் குழல்வாயில் நாடா ஒட்டித்தான் எடுத்துப் போனேன். க்ளைவ் நாற்காலி போட்டு, துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். நானூறு மீட்டரில் தொங்குகிற இரும்புத் தகடு. மேல்திருகை இரண்டு சொடுக்கு திருப்பினேன். சுட்டேன். சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்' என்று போகாது, தோட்டா காற்றைக் கிழிக்கிற சத்தம் சாட்டை சொடுக்கியதுபோல் இருக்கத்தான் செய்கிறது, காதுமூடி போடத்தான் வேண்டும். ஆனால் நெஞ்சில் உதைக்கிற அந்த இடி இல்லை. தலைக்குள் மணி அடிக்கவில்லை. ஒன்றரை வினாடிக்கும் கொஞ்சம் அதிகமாக அமைதியாக இருந்தது, அப்புறம் தூரத்திலிருந்து 'டங்' என்று வந்தது.

அண்ணா, அந்த 'டங்'கை நான் கேட்டுப் பத்து வருஷம் ஆகிறது. எப்போதும் என் இடியே என் காதை அடைத்துவிடும், பட்டதா படவில்லையா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

"காத்துல ஆடியிருக்கும்" என்றான் க்ளைவ்.

மறுபடி சுட்டேன். டங்.

"தகடு பெருசு."

மூன்றாவதும் டங். க்ளைவ் எழுந்து தொலைநோக்கியில் பார்த்தான். மூன்று அடையாளமும் ஒரு தேநீர்க் கோப்பையின் தட்டுக்குள் இருந்தன. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "அந்தப் பொண்ணு நைரி சனிக்கிழமையும் பட்டறையத் திறக்குமாடா?" என்றான்.

இதுதான் நடந்தது. இனி தாங்கள் வருவதும் வராததும் தங்கள் விருப்பம் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அது பொய். தாங்கள் வரவேண்டும். மார்ச் கடைசியிலேயே மேல்சரிவில் மான்கள் கத்த ஆரம்பித்துவிடும். டொரீனுக்கு மதியானமே கேட்கும், எனக்கு ஜன்னலைத் திறந்தால் கேட்கும். தங்களுடைய அந்தப் பாதிக் காதுக்கும், காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பள்ளத்தாக்கு ஓரத்தில் உட்கார்ந்தால் கேட்கும். சுடுவதற்கு முன்னாலும் கேட்கவேண்டும், சுட்ட பிறகும் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் நான் அதை வெட்டினேன். அதற்காக என்னோடு பதினாலு மாதம் பேசாமல் இருப்பதென்றால், ஏப்ரலுக்கு அப்புறம் ஆரம்பித்துக்கொள்ளும்படி தாழ்மையோடு வேண்டுகிறேன்.

முன் அறையில் கட்டிலை உயர்த்திப் போட்டிருக்கிறேன், இடுப்புக்குச் சுலபம். அண்ணிக்கு எங்கள் இருவருடைய அன்பும். தங்கள் எலும்புகள் புதியதும் பழையதும் ஒற்றுமையாக இருக்கவும், பக்கத்து வீட்டுப் பூனை நீடூழி வாழவும் ஆண்டவன் அருள் புரியட்டும். தங்கள் துப்பாக்கியைச் சிதைத்த குற்றத்துக்கு மீண்டும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு,

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
நெவில் கார்மைக்கேல்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அந்தத் துண்டுக்குப் பெட்டி தேடினேன். ஆறு அங்குலத்துக்கு ஏற்ற பெட்டியாக எடுத்து, துணியைப் பிரித்து உள்ளே வைத்தால் பெட்டியில் நிறைய இடம் மிச்சம் இருந்தது. அளந்தேன். நாலு அங்குலம். என் அளவுநாடா தேய்ந்திருக்கும் என்று டொரீனின் தையல் நாடாவால் அளந்தேன். நாலு அங்குலம். நைரி குழலைத் தப்பாக வெட்டிவிட்டாளோ என்று பயந்து, துப்பாக்கியை எடுத்து, குழலுக்குள் கம்பியை விட்டு நானே அளந்தேன். சரியாக இருபது அங்குலம். இருபதும் நாலும் எவ்வளவு என்று டொரீனைக் கேட்டேன். அவள் மறுபடியும் பாட்ரிஷியாவைக் கூப்பிடவா என்றாள்.

நைரிக்குத் தொலைபேசி செய்தேன். துண்டு நாலு அங்குலம்தான் இருக்கிறது என்றேன். அவள், "நீங்களா அளந்து கேட்டா ஒளிக்கமாட்டேன்னு முடிவு பண்ணியிருந்தேன், நானா சொல்லக்கூடாது, அப்பா எழுதி வச்சது" என்று சொல்லிவிட்டு ஹெக்டரின் நோட்டை எடுத்துப் படித்தாள். அவள் படித்ததை அப்படியே எழுதுகிறேன்: 'ஜூலை 1986. ஆர்ச்சி கார்மைக்கேல். குழல்வாயில் பனி அடைத்திருந்ததைப் பார்க்காமல் சுட்டு முனை வீங்கிவிட்டது. இரண்டு அங்குலம் வெட்டி வாய் சீவிக் கொடுத்தேன். தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்கிறார்.'

அந்த வருஷம் மூன்று வாரம் துப்பாக்கி உன்னிடம் இல்லை. மெருகேற்றக் கொடுத்திருக்கிறேன் என்றாய். அது திரும்பி வந்த நாளிலிருந்துதான் நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வாயில நாடா ஒட்டினியா? நாடா ஒட்டினியா?" என்று கேட்க ஆரம்பித்தாய். நானும் இத்தனை வருஷம் அண்ணனுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, நீ கொடுத்தது இருபத்துநாலு அங்குலம். இப்போது சைலன்சரோடு இருக்கிறது இருபத்தைந்து அங்குலம். நான் உன் துப்பாக்கியை வெட்டவில்லை அண்ணா, ஒரு அங்குலம் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். பதினாலு கிளைக் கொம்புக்காரனை நீ அடித்தது தொண்ணூற்றொன்றில். வெட்டுப்பட்ட குழலில்தான் அடித்திருக்கிறாய். அது நீளத்தால் விழவில்லை, நீ அடித்ததால் விழுந்தது. இதை எழுதும்போது எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது. க்ளைவிடம் நான் சொல்லவில்லை. டொரீன் சொல்லிவிட்டாள்.

மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்புகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடு. தபாலில் அனுப்ப வேண்டாம். ஏப்ரல் மூன்றாம் தேதி பஸ்ஸில் நீயே எடுத்துக்கொண்டு வா, நான் நிறுத்தத்தில் நிற்கிறேன்.